சிஸ்டர் சிரிலின் கைத்தொழில் பீரியட்

பள்ளியில் கைத்தொழில் பீரியட் எல்லோருக்கும் நினைவிருக்கும். கைக்குட்டையின் ஓரத்தை மடித்துத் தைப்போம், பழைய செய்தித்தாளில் கவர் ஒட்டுவோம், ஐஸ்குச்சியில் வீடு கட்டுவோம். கணக்கில் பாடம் முடியவில்லை என்று ஆசிரியர் யாராவது வந்து நின்றால் முதலில் பறிபோவதும் அந்தப் பீரியட்தான். மேற்கு வங்கப் பாடத்திட்டத்திலும் 'வேலைக் கல்வி' என்ற பெயரில் அது உண்டு. கொல்கத்தாவில் சியால்டா ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் லொரெட்டோ டே ஸ்கூலில், 1985இல், தலைமையாசிரியையாக இருந்த ஒரு கன்னியாஸ்திரி அந்தப் பீரியடை வேறொரு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பெண்கள் அந்த நேரத்தில் ஆளுக்கொரு தெருக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர் பெயர் சிஸ்டர் சிரில் மூனி. 1936இல் அயர்லாந்தில் பிறந்து, இருபது வயதில், 1956இல் இந்தியாவுக்கு வந்தவர். 2023 ஜூனில் கொல்கத்தாவில் காலமானார். இடையில் 67 ஆண்டுகள். லக்னோவில் படித்து விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2007இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. இருந்தும் அன்னை தெரசாவைத் தெரிந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட நம் பக்கத்தில் இவரைத் தெரியாது. தெரிந்தவர்களும் 'ஏழைக் குழந்தைகளுக்குப் படிப்புக் கொடுத்த சிஸ்டர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த வரியில் பொய்யில்லை. ஆனால் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்த கன்னியர் மடங்கள் நம் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. சிரில் செய்தது அதைவிடக் கடினமானது என்பது என் எண்ணம். ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்காத மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் ஒரு பேட்டையில், அவர்களுடைய பிள்ளைகள் அன்றாடம் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படும்படியாக ஓர் ஏற்பாட்டைச் செய்தார். அந்த ஏற்பாட்டின் உள்விவரங்களைப் பார்க்காமல் அவரைப் புகழ்வதில் பயனில்லை. அதனால்தான் கைத்தொழில் பீரியடிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லவேண்டும்.

சியால்டா, ஹௌராவுக்கு அடுத்து கொல்கத்தாவின் பெரிய ரயில் நிலையம். 1947 பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் கூட்டம் கூட்டமாக இறங்கியது இங்கேதான். போக்கிடம் இல்லாதவர்கள் பிளாட்பாரத்திலேயே அடுப்பு மூட்டினார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே செத்தும் போனார்கள். அந்த அலை ஓய்ந்த பிறகும் தெற்கே சுந்தரவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வருகிறவர்களை லோக்கல் ரயில்கள் தினமும் இங்கே கொண்டுவந்து கொட்டுகின்றன. நிலையத்திலிருந்து தெற்கே நடந்தால் மௌலாலி, அதைத் தாண்டினால் எண்டாலி. வங்காளி நடுத்தரக் குடும்பங்கள், உருது பேசும் முஸ்லிம்கள், பீகாரிலிருந்து வந்து மூட்டை தூக்குபவர்கள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், சற்றுத் தள்ளி டாங்ராவில் சீனர்கள் என்று ஒரு சில கிலோமீட்டருக்குள் பல மொழியும் பல மதமும் கிடக்கும். நெருக்கம் இருந்தது. அதை உறவு என்று சொல்ல முடியாது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்கூடத் தத்தம் கோவிலுக்கும் மசூதிக்கும் சர்ச்சுக்கும் போய்த் தத்தம் பாட்டுக்கு வாழ்ந்துவிட்டுப் போகலாம்.

இதன் நடுவில் 1857 முதல் நிற்கிறது லொரெட்டோ பள்ளி. டப்ளின் அருகே ராத்ஃபார்னம் மடத்திலிருந்து லொரெட்டோ கன்னியர்கள் 1841 டிசம்பர் கடைசியில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். இந்தியாவில் அவர்களுடைய பள்ளிகள் பரவியதெல்லாம் அதற்குப் பிறகுதான். பின்னாளில் அன்னை தெரசா என்று உலகம் அறிந்த ஆக்னஸும் இந்தச் சபையில் சேர்ந்துதான் இந்தியாவுக்கு வந்தார். எண்டாலியில் அதே சபையின் வளாகத்தில் இருந்த செயின்ட் மேரிஸ் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். மதில் சுவருக்கு அப்பால் மோத்திஜீல் சேரி. அந்தச் சேரிக்குப் போவதற்காக அவர் 1948இல் லொரெட்டோவை விட்டே வெளியேறவேண்டியிருந்தது. முப்பது ஆண்டு கழித்து, அதே சபையில், அங்கிருந்து நடக்கும் தூரத்தில், இன்னொரு சிஸ்டர் சபைக்குள் இருந்துகொண்டே சேரியைப் பள்ளிக்குள் அழைத்துவந்தார். இருவரில் யார் பெரியவர் என்று பார்க்க இதைச் சொல்லவில்லை. ஒரே சுவரை இருவரும் பார்த்தார்கள். ஒருவர் அதைத் தாண்டிப் போனார், மற்றவர் கேட்டைத் திறந்துவைத்தார்.

சிரில் 1979இல் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றபோது பள்ளியில் 790 மாணவிகள். அவர்களில் 90 பேர் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள். அப்போதே இது பல கான்வென்ட்களைவிட நல்ல கணக்குதான். அவர் அதோடு நிற்கவில்லை. வருடாவருடம் சேர்க்கையை மாற்றிக்கொண்டே வந்தார். 1990களின் இறுதியில் 1,400 மாணவிகள் இருந்தார்கள், அதில் பாதிப் பேர், அதாவது ஏறத்தாழ 700 பேர், சேரியிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் வந்தவர்கள். ஒரே வகுப்பறை, ஒரே சீருடை, ஒரே பாடம். சாயங்கால வகுப்பு என்று தனியாக ஒன்றை நடத்தி 'அவர்களுக்கு' அதுபோதும் என்று வைக்கும் பழக்கம் பெரிய பள்ளிகளில் நெடுங்காலமாக உண்டு. அதை அவர் ஏற்கவில்லை.

பாதிப் பிள்ளைகள் பணம் கட்டாமல் ஒரு பள்ளி எப்படி ஓடும்? கட்ட முடிந்தவர்கள் கட்டிய பணம், ஆசிரியர்களின் அகவிலைப்படிக்கு மாநில அரசு தந்த உதவி, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் திரட்டிய நன்கொடை, இந்த மூன்றையும் வைத்துத்தான். இலவசம் என்றால் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்வது என்று அவர் நினைக்கவில்லை. புத்தகமும் சீருடையும் சாப்பாடும் மருந்தும் அதில் அடக்கம். சில குடும்பங்களுக்கு வீட்டு வாடகை கொடுக்கவும் பள்ளி கைகொடுத்தது. இலவச சீட்டு கிடைத்தும் ஷூ வாங்கக் காசில்லாமல் பிள்ளையை நிறுத்திய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவுகள்தான் ஏழைப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளுகின்றன என்பதைச் சிரில் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்.

பணம் கட்டும் பெற்றோரின் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். நாமாக இருந்தாலும் எழும். 'என் பிள்ளையின் படிப்புத் தரம் என்னாகும்?' இந்தக் கேள்வியைக் கெட்ட மனதின் கேள்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது. பீஸ் கட்ட நகையை அடகு வைத்திருக்கும் குடும்பங்களும் அந்தப் பாதியில் இருந்தன. சிரிலின் பதில் வகுப்பறைக்குள் இருந்தது. ரேங்க் போட்டுப் பிள்ளைகளை வரிசைப்படுத்துவதைக் குறைத்து, ஒரு மாணவி போன முறையைவிட இந்த முறை எங்கே வந்திருக்கிறாள் என்று பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். முந்தியிருப்பவள் பிந்தியிருப்பவளுக்குச் சொல்லித்தரவேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரி முன்னேறினால் தனக்கு நஷ்டம் என்று நினைக்கும் வகுப்பில் பாதிக்குப் பாதி சேர்க்கை வெறும் எண்ணிக்கையாகவே நின்றுபோயிருக்கும். போட்டியைத் தணித்த பிறகுதான் அந்த எண்ணிக்கைக்கு உயிர் வந்தது.

இனி தொடக்கத்தில் சொன்ன தெருக் குழந்தைகள் திட்டத்துக்கு, அதாவது வானவில்லுக்கு, வருவோம். 'ரெயின்போ' என்பதுதான் அவர் வைத்த பெயர்.

பள்ளிக்குள் பாதி இடம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் கேட்டுக்கு வெளியே, ஸ்டேஷனிலும் பாலத்தடியிலும், எந்தச் சேர்க்கைக்கும் வராத பிள்ளைகள் இருந்தார்கள். குப்பை பொறுக்குபவர்கள், தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிச்சை எடுப்பவர்கள். இவர்களை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்க முடியாது. பத்து வயதுப் பெண்ணை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் மறுநாள் வரமாட்டாள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அவள் தினமும் வர முடியாது. இன்றைக்கு வருவாள், நான்கு நாள் காணமாட்டாள், பிறகு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்பாள். நாற்பது பேரை வைத்து நடத்தும் எந்த வகுப்பும் இதற்குத் தாங்காது. அவள் வராத நான்கு நாளில் பாடம் நகர்ந்துவிடும். பிந்திப்போன அவமானம் அவளைத் திரும்பத் தெருவுக்கே அனுப்பிவிடும்.

இதற்கு ஒரே வழி ஒருவருக்கு ஒருவர் சொல்லித்தருவது. விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம், எத்தனை நாள் கழித்து வந்தாலும். ஆனால் இத்தனை குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஆசிரியரை எங்கிருந்து பிடிப்பது, சம்பளம் யார் கொடுப்பது? இந்த இடத்தில்தான் சிரில் தன் கையில் ஏற்கனவே இருந்ததை எண்ணிப் பார்த்தார். ஐந்திலிருந்து பத்து வரை அத்தனை வகுப்புக்கும் பாடத்திட்டப்படியே வேலைக் கல்விக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் அதைப் போடாமல், ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு மணியில் போட்டால்? பள்ளி திறந்ததிலிருந்து மூடும்வரை எந்தப் பீரியடிலும் ஐம்பது பேர் அளவுக்கு மாணவிகள் தயாராக இருப்பார்கள். தெருவிலிருந்து ஒரு குழந்தை எப்போது நுழைந்தாலும் அவளுக்கென்று ஓர் அக்கா காத்திருப்பாள்.

கால அட்டவணையில் கட்டங்களை இடம் மாற்றியதுதான் அவர் செய்தது. புதுக் கட்டடம் எழவில்லை, புது ஆசிரியர் சேரவில்லை. சேவை என்று நாம் பேசும்போது உருக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். உருக்கம் சிரிலுக்கு நிறையவே இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தாங்கி நிறுத்தியது ஒரு தலைமையாசிரியையின் நிர்வாக மூளை. பாடத்திட்டத்தில் உள்ளதையே எடுத்துக்கொண்டதால் பொதுத்தேர்வுப் பாடத்தில் கைவைக்கிறார் என்று எந்தப் பெற்றோரும் குறை சொல்ல வழியில்லை.

படிப்பில் ஓரளவு தேறியதும் அந்தக் குழந்தைகள் வயதுக்கேற்ற வகுப்புக்கு மாறினார்கள். சிலர் லொரெட்டோவிலேயே சேர்ந்தார்கள். சிலர் சுற்றுவட்டாரத்தில் தங்கள் தாய்மொழியில் நடக்கும் பள்ளிகளுக்குப் போனார்கள்.

இதில் ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது, அதைத் தவிர்க்கக் கூடாது. வசதியான வீட்டுப் பெண்ணுக்கு 'இரக்கம்' கற்றுத்தர ஏழைக் குழந்தையைப் பாடப்பொருளாக ஆக்குவதல்லவா இது? பல பள்ளிகளில் வருடத்துக்கு ஒருநாள் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய் பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. சியால்டாவில் அது அப்படி ஆகாமல் காத்தது அந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கு. சொல்லித்தரும் அக்காக்களிலும் பாதிப் பேர் சேரியிலிருந்து வந்தவர்கள். டாக்டர் வீட்டுப் பெண்ணும் ரிக்‌ஷாக்காரர் வீட்டுப் பெண்ணும் அடுத்தடுத்துத் தரையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற ஏணி அங்கே நிற்க இடமில்லை. தெருவின் மொழி தெரிந்த சேரிப் பெண்தான் பலநேரம் நல்ல டீச்சராகவும் இருந்திருப்பாள். சேர்க்கையை மாற்றாமல் வானவில்லை மட்டும் தொடங்கியிருந்தால் அது தர்மமாகச் சுருங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிரிலின் திட்டம் புரியும். முதல் ஆறு ஆண்டுகள் அவர் சேர்க்கையை மாற்றிக்கொண்டிருந்ததும் வானவில் அதற்குப் பிறகு வந்ததும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பகல் சரி. இரவு? பெண் குழந்தைக்குப் பிளாட்பாரத்தின் இரவு எப்படிப்பட்டது என்று விளக்கவேண்டியதில்லை. எழுத்துக் கற்றுக்கொண்டு ஆறு மணிக்குத் திரும்பவும் அதே பிளாட்பாரத்துக்குப் போகிற பெண்ணைக் கையசைத்து வழியனுப்ப முடியுமா? நாலு மணிக்கு மணி அடித்த பிறகு பள்ளிக்கூடம் என்பது காலிக் கட்டடம். கழிவறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மதில் இருக்கிறது, காவல் இருக்கிறது. மறுநாள் காலைவரை அத்தனையும் சும்மா கிடக்கிறது. ஆபத்தில் இருந்த பெண்கள் மாடியில் தங்கத் தொடங்கினார்கள். நாளடைவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வசித்தார்கள். மாடியில் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, காலையில் படியிறங்கினால் வகுப்பு. தனியாக ஊருக்கு வெளியே 'ஹோம்' கட்டி அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! ஹோமில் வளரும் பிள்ளைக்குத் தெரிந்தவர்களெல்லாம் ஹோம் பிள்ளைகள். இங்கே அவளுக்கு நகரம் முழுவதும் தோழிகள்.

வியாழக்கிழமைகளையும் சொல்லவேண்டும். வாரம் ஒருநாள் சுமார் 150 மாணவிகள் பஸ் ஏறி நகரத்துக்கு வெளியே கிராமப் பள்ளிகளுக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். ஒரு ஆசிரியர் நான்கு வகுப்பைச் சமாளிக்கும் பள்ளியில், பத்துப் பிள்ளைக்கு ஓர் அக்கா வந்து உட்கார்ந்தால் என்ன மாற்றம் வரும் என்று கிராமத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து அடுத்த படியாக 'வெறுங்கால் ஆசிரியர்' பயிற்சி. பெரிய பட்டம் ஏதும் இல்லாத, ஆனால் அந்தந்த ஊரிலேயே வாழும் இளைஞர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து அவர்களையே ஆசிரியராக்குவது. ஏழாயிரம் பேருக்கு மேல் இப்படித் தயாரானார்கள். மூன்றரை லட்சம் பிள்ளைகளாவது அவர்கள் வழியே எழுத்தறிவு பெற்றதாகக் கணக்கு. பி.எட். படித்தவர் நகரத்தை விட்டு வரத் தயங்கும் இடத்துக்கு, அங்கேயே பிறந்தவர் போதும் என்ற துணிச்சல் அது. கல்வியாளர்களில் இதை ஏற்காதவர்களும் உண்டு. ஏழைக்கு அரைகுறை ஆசிரியரா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியரே இல்லாத இடத்தில் அந்த வாதத்தை எத்தனை ஆண்டு நடத்திக்கொண்டிருப்பது என்பதும் நியாயமான கேள்விதான்.

செங்கல் சூளைகளுக்கும் இவர்கள்தான் போனார்கள். கொல்கத்தாவைச் சுற்றியுள்ள சூளைகளில் குளிர்காலம் தொடங்கும்போது பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். மழைக்கு முன் திரும்பிப் போவார்கள். பள்ளிக்கூடத்தின் கல்வியாண்டு இவர்கள் வாழ்க்கையின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சொந்த ஊரில் பாதி வருடம், சூளையில் பாதி வருடம், இரண்டு இடத்திலும் பெயர் நிற்காது. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சூளைக்குள்ளேயே, சூளையின் பருவத்துக்கு ஏற்ப வகுப்பு நடத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. சிரில் அதைச் செய்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. வீட்டு வேலையில் இருக்கும் சிறுமிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பதை மத்திய அரசு 2006 அக்டோபரில் தடைசெய்தது. தடை இருந்து என்ன? சாத்திய கதவுக்குப் பின்னால் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று எந்த அதிகாரிக்குத் தெரியும்? பக்கத்து வீட்டு மாணவிக்குத் தெரியும். மாடியில் துணி காயப்போட வரும் அந்தப் பெண்ணின் வயது என்ன, அவள் விளையாட வருகிறாளா, அவளுக்கு எழுதத் தெரியுமா என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். லொரெட்டோ மாணவிகள் தங்கள் தெருவில் இருக்கும் அப்படிப்பட்ட பெண்களோடு பழகினார்கள், விளையாட அழைத்துவந்தார்கள், வீட்டுக்காரர்களிடம் பேசினார்கள். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு தைரியமான வேலை என்று விளங்கும். அந்த வீட்டுக்காரர் அவளுடைய அப்பாவின் நண்பராக இருக்கலாம். சொந்தச் சித்தியாகக்கூட இருக்கலாம்.

1999இல் கொல்கத்தா முழுவதுக்குமாகத் தொடங்கிய 'சிக்‌ஷாலய பிரகல்ப' என்ற திட்டத்திலும் சிரிலுக்குப் பெரிய பங்கு உண்டு. தொண்டு நிறுவனங்களும் அரசும் யுனிசெஃபும் சேர்ந்து, பள்ளி காணாத பிள்ளைகளைக் கணக்கெடுத்து, அவரவர் பேட்டையிலேயே சிறு மையங்களை நடத்திய முயற்சி அது.

ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது? லொரெட்டோ சபையின் ஆதி வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. அதன் மூலவர் மேரி வார்டு, 1585இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். அந்தக் காலத்தில் கன்னியாஸ்திரி என்றால் மடத்துச் சுவருக்குள் அடைந்து வாழவேண்டும். வெளியே போய் மக்கள் நடுவில் வேலை செய்வது ஆண் துறவிகளுக்கு மட்டுமே. மேரி வார்டு அந்த அடைப்பு வேண்டாம் என்றார். 1609இல் தொடங்கிய அவருடைய சபையைப் போப் எட்டாம் அர்பன் 1631இல் ஒடுக்கினார். மேரி வார்டை மியூனிக்கில் ஒரு மடத்தில் சிறைவைத்தார்கள். அவரைச் சபையின் நிறுவனர் என்று சொல்லிக்கொள்ளத் திருச்சபை அனுமதித்தது 1909இல். முந்நூறு வருடம்! சுவர் வேண்டாம் என்று சொன்னதற்காகச் சிறைக்குப் போனவரின் வழிவந்த ஒருவர், 20ஆம் நூற்றாண்டில் ஒரு பள்ளியின் கேட்டைத் திறந்தார். இப்படி ஒரு மரபு பின்னால் இல்லாதிருந்தால் அத்தனை தைரியம் வந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

அவர் செய்ததில் மதமாற்றம் எங்கே என்று தேடுகிறவர்கள் இருப்பார்கள். சியால்டா பள்ளியில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் சேர்ந்துதான் படித்தார்கள். மனித மதிப்பீடுகளைக் கற்றுத்தர அவர் உருவாக்கிய பாடநூல்கள் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசுவதற்கானவை. ஆனாலும் அவர் தன் நம்பிக்கையைக் கழற்றிவைத்துவிட்டு வந்தவர் அல்ல. அந்த நம்பிக்கை மொத்தமும் யார் கேட்டுக்குள் வரலாம் என்ற ஒரே கேள்வியில் போய் இறங்கியிருந்தது.

இப்போது நம் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுப் பெற்றோர் 'ஆர்டிஇ சீட்டு' என்று சொல்வது இதைத்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் இதற்கு விலக்கு. அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2012இலும், பிறகு எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் 2014இலும் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைக் கொடுத்தது. 2025 செப்டம்பரில், ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்கின் தீர்ப்பில், 2014 முடிவு சரிதானா என்று இரு நீதிபதிகள் அமர்வே ஐயம் தெரிவித்து, அதைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்றது. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் முடியட்டும். எந்தச் சட்டமும் கேட்காத காலத்தில், சட்டம் வந்தபோது விலக்குப் பெற்றிருக்கக்கூடிய ஒரு கிறிஸ்தவப் பள்ளி, 25 அல்ல, 50 சதவீதத்தை எட்டியிருந்தது. தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நடத்த அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமையை மதிக்கிறேன், அது பறிபோகக் கூடாது. அந்த உரிமையைக் காட்டிக் கேட்டை மூடிவைத்த பள்ளிகளைப் பார்க்கும்போது சியால்டா நினைவுக்கு வருகிறது, மனம் கஷ்டப்படுகிறது.

சட்டத்தால் முடிந்தது அவ்வளவுதான் என்பதும் உண்மை. சீட்டைச் சட்டம் வாங்கித்தரும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அழைப்பு வாங்கித்தராது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆர்டிஇ பிள்ளைகளின் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் வைத்திருந்தார்கள். வகுப்பில் எல்லோருக்கும் அது யார் யார் என்று தெரியும். சிரில் சேர்க்கையோடு நிறுத்தாமல் கால அட்டவணை, ரேங்க் முறை, மாலை நாலு மணிக்கு மேல் கட்டடம் யாருக்கு என்ற கேள்வி வரை கை வைத்ததன் காரணம் இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. 1979இலிருந்து 2011 வரை, 32 ஆண்டுகள், ஒரே ஆள் தலைமையில் நடந்த காரியம் இது. ஒரே கை அத்தனை ஆண்டு பிடித்திருந்ததால்தான் ஆழமாக வேரூன்றியது. அதே காரணத்தால் அந்தக் கை விலகும்போது எதை யார் எப்படித் தொடர்வது என்ற கேள்வியும் பெரிதாகிவிடுகிறது. நாட்டில் ஆயிரக்கணக்கான கான்வென்ட்கள் இருந்தும் இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கை அப்படியே எடுத்துச் செய்தவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட என் கண்ணில் படவில்லை. பாராட்டினார்கள், விருது கொடுத்தார்கள். யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசு 1994இல் வந்தது. பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கள் பள்ளிச் சேர்க்கையை மாற்றவில்லை.

மாடி மட்டும் பரவியது. பள்ளி முடிந்தபின் காலியாகக் கிடக்கும் கட்டடத்தில் தெருக் குழந்தைகளுக்கு வீடு என்ற யோசனையை முதலில் கொல்கத்தாவின் மற்ற லொரெட்டோ பள்ளிகள் எடுத்தன. பிறகு சமூகச் செயல்பாட்டாளர் ஹர்ஷ் மந்தர் போன்றவர்கள் வழியாக டெல்லிக்கும் ஹைதராபாத்துக்கும் போனது. சென்னையிலும் 'ரெயின்போ ஹோம்' என்ற அதே பெயரில் இல்லங்கள் நடக்கின்றன. அந்தப் பெயரை வைத்த ஐரிஷ் சிஸ்டர் யார் என்று அங்கே வளரும் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

சிரிலின் காலத்தில் சியால்டாவில் நாலு மணிக்கு மணி அடித்தால் ஒரே சீருடையில் இருந்த பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். கொஞ்சம் பேர் கேட்டைத் தாண்டிப் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் போவார்கள். கொஞ்சம் பேர் மாடிப்படி ஏறுவார்கள். காலையில் இரண்டு கூட்டமும் அதே முற்றத்துக்கு வந்து, அதே வரிசையில் நிற்கும்.